இன்னொருவர் லைப்ரரியைச் சேர்க்கும் முன்

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், பொறியியல் கடைசி வருடம், போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் சுருங்கியிருந்தது. "ரெண்டே ரெண்டு வரிதாண்ணா சேர்த்தேன். அதுக்குப் போய் ஏழு கேள்வி கேக்கறாங்க" என்றான்.

அவன் கை வைத்தது ஒரு திறமூல டெஸ்டிங் கருவி. திறமூலம் என்றால் நிரலை எல்லாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தம் அனுப்பலாம். இந்தக் கருவியின் வேலை, இணையப் படிவங்களில் தமிழ்ப் பெயரும் முகவரியும் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று சோதிப்பது. பைத்தான் மொழியில் எழுதியது. நாலைந்து பேர் சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

தம்பிக்கு இரண்டு ஆசை. சோதனை தேறினால் பச்சையிலும் தோற்றால் சிவப்பிலும் காட்ட வேண்டும். பெயரில் எத்தனை தமிழ் எழுத்து என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆயத்தமாக லைப்ரரி கிடைத்தது. பட்டியலில் இரண்டின் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டான். கேள்விகள் வந்தன.

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீங்கள் நிரல் எழுதுகிறவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும்.

லைப்ரரி என்றால் என்ன? இன்னொருவர் எழுதி, பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பு. இட்லி மாவு அரைக்க நேரமில்லை, கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறோம் அல்லவா, அது மாதிரி. கருவியை எழுதியவர் முதல் தரப்பு, பயன்படுத்துகிறவர் இரண்டாம் தரப்பு, மாவு அரைத்தவர் மூன்றாம் தரப்பு.

பாக்கெட் மாவு வாங்குவதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. எல்லாவற்றையும் நானே அரைப்பேன் என்று உட்கார்ந்தால் எந்த வேலையும் நடக்காது. ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். வாங்கி வந்த மாவு நம் ஃப்ரிட்ஜில் இருக்கும், அரைத்தவர் அதைத் தொட முடியாது. லைப்ரரி அப்படி இல்லை. அவர் அங்கே புதுப் பதிப்பு வெளியிட்டால், நீங்கள் எதையும் மாற்றாமலே, அடுத்த முறை இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் வீட்டில் வேறு மாவு இருக்கும்.

சரி, ஒரு வரிதானே சேர்கிறது? பட்டியலில் ஒரு வரி. ஆனால் அந்த லைப்ரரி எழுதியவரும் பாக்கெட் மாவு வாங்கியிருப்பார். அவருக்கு மூன்று லைப்ரரி, அந்த மூன்றுக்கும் ஆளுக்கு இரண்டு. இதை டிபென்டன்சி (ஒன்று ஓடுவதற்கு இன்னொன்றை நம்பியிருப்பது) என்பார்கள். சங்கிலியில் நீங்கள் பார்ப்பது முதல் கண்ணி மட்டும்.

முழுச் சங்கிலியையும் எப்படிப் பார்ப்பது? சுலபம். கணினியில் காலியான ஒரு சூழலை உருவாக்குங்கள். பைத்தானில் அதற்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற வேலைகளோடு கலக்காத தனி அறை) என்று பெயர். அதில் அந்த ஒரு லைப்ரரியை மட்டும் இன்ஸ்டால் செய்து, என்னென்ன வந்து இறங்கியிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நிம்மதி. பதினைந்து இருந்தால், நீங்கள் கொண்டுவருவது ஒரு விருந்தாளியை அல்ல, ஒரு கல்யாணக் கூட்டத்தை.

"எல்லா சாஃப்ட்வேரும் இப்படித்தானே அண்ணா, டெஸ்டிங் கருவிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சாதாரண செயலி ஒன்றில் லைப்ரரி சேர்த்தால், அது அந்தச் செயலிக்குள் இருக்கும். டெஸ்டிங் கருவி அப்படியல்ல. அது மற்றவர்களின் திட்டங்களுக்குள் போய் உட்கார்ந்து வேலை செய்கிறது. நீங்கள் அதில் சேர்க்கும் லைப்ரரி, உங்கள் கருவியை வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிறது. அவர்களுடைய லைப்ரரிகளோடு ஒரே பாயில் படுக்கிறது. சண்டை வந்தால் அவர்கள் வீட்டில் வரும், உங்கள் வீட்டில் வராது.

இது கற்பனை இல்லை. ஜாவா மொழிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஜேயூனிட் என்ற டெஸ்டிங் கருவியில் நடந்ததைப் பாருங்கள். 1997இல் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கென்ட் பெக்கும் எரிக் காமாவும் எழுதத் தொடங்கியது அது. பத்து வருடம் பிறர் சரக்கு எதுவும் சேர்க்காமலே ஓடியது.

2007இல் 4.4 என்ற பதிப்பில் முதல் முறையாக வெளியார் நிரலைச் சேர்த்தார்கள். ஹாம்கிரெஸ்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் 'மேட்சர்ஸ்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ஹாம்கிரெஸ்ட் வரும். பெயர் வைத்த குசும்பு பிடித்திருக்கிறது எனக்கு.

ஏன் சேர்த்தார்கள்? காரணம் நியாயமானது. அதுவரை ஒரு சோதனை தோற்றால் பல நேரம் 'தோற்றது' என்று மட்டும் தெரியும். ஹாம்கிரெஸ்ட் வந்த பிறகு, 'எதிர்பார்த்தது 6, கிடைத்தது 10' என்கிற மாதிரி, படித்தால் புரியும் செய்தி வந்தது. நிரலும் வாக்கியம் போலப் படிக்க வந்தது. ஆசையாகத்தான் சேர்த்தார்கள், பயன்படுத்தியவர்களும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

கோளாறு எங்கே? ஹாம்கிரெஸ்ட்டைத் தனிப் பாக்கெட்டாகக் கூட வைக்காமல், பிரித்து ஜேயூனிட்டின் கோப்புக்குள்ளேயே கலந்துவிட்டார்கள். வெளியே ஹாம்கிரெஸ்ட் வளர்ந்தது, புதுப் பதிப்பு வந்தது. ஜேயூனிட்டின் வயிற்றுக்குள் இருந்தது பழைய பதிப்பு. புதியதையும் தனியாக வாங்கி வைத்தவர்கள் வீட்டில் ஒரே பெயரில் இரண்டு ஆட்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஜாவா தர்க்கம் பண்ணாது, பாதையில் முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 2012 கடைசியில், அப்போது வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஒரு திங்கட்கிழமை காலை என் மெஷினில் எல்லாம் பச்சை. பக்கத்து இருக்கைக்காரர் மெஷினில் பாதி சிவப்பு. அதே நிரல், ஓர் எழுத்து வித்தியாசமில்லை. பிழைச் செய்தி 'இப்படியொரு மெத்தட் (நிரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு செயல்) இல்லவே இல்லை' என்றது. கோப்பைத் திறந்து பார்த்தால் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிடிபட்டது. அவர் மெஷினில் ஜேயூனிட் வரிசையில் முன்னால் இருந்தது, என் மெஷினில் பின்னால். அவ்வளவுதான். அரை நாள் போச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஹாம்கிரெஸ்ட்டைக் கேட்கவே இல்லை, வேறொரு கருவி அதைக் கூட்டி வந்திருந்தது.

பிறகு எப்படிச் சரிசெய்தார்கள்? ஹாம்கிரெஸ்ட் கலக்காத தனிக் கோப்பு ஒன்றையும் கொஞ்ச காலம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் 4.11 பதிப்பில் உள்ளே கலப்பதை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் தனி லைப்ரரியாக ஆக்கினார்கள். 2017இல் வந்த ஜேயூனிட் 5 ஹாம்கிரெஸ்ட்டையே விட்டுவிட்டது. வேண்டியவர் வேண்டியதைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம். 2020இல் வந்த 4.13 பழைய வழியைக் கைவிடச் சொல்லி, ஹாம்கிரெஸ்ட்டை நேராகக் கூப்பிடுங்கள் என்றது.

சேர்த்தது ஒரே வெளியீட்டில், விலக்கப் பத்து வருடம். ஏன் அவ்வளவு தாமதம்? ஒருமுறை கொடுத்துவிட்டால் மக்கள் அதை வைத்து ஆயிரக்கணக்கில் சோதனைகள் எழுதிவிடுவார்கள். பிடுங்கினால் அத்தனையும் உடையும். ஆகவே சேர்க்கும்போதே, 'இதை ஒருநாள் எடுக்க வேண்டி வந்தால் யாருக்கு வலிக்கும்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தம்பியிடம் கேட்ட ஏழு கேள்விகளில் இதுவும் ஒன்று. அவனுக்கு அதுதான் அதிகம் கோபமூட்டியது.

உள்ளே மட்டும் பயன்படுத்தி, வெளியே காட்டாமல் இருந்தால்? வலி குறையும், தீராது. பைத்தானில் பைடெஸ்ட் என்று பெரிய டெஸ்டிங் கருவி இருக்கிறது. அது பை என்ற பழைய லைப்ரரியை நம்பியிருந்தது. 2022இல் அந்த லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பு வந்தது. ஓட்டை இருந்த பகுதி பைடெஸ்ட் தொடாத மூலை. ஆனாலும் என்ன, கம்பெனிகள் வைத்திருக்கும் ஸ்கேனர்கள் (ஓட்டையுள்ள லைப்ரரி இருக்கிறதா என்று தானாகத் தேடும் நிரல்கள்) பெயரைப் பார்த்ததும் கூவின. அதே ஆண்டு அக்டோபரில் பைடெஸ்ட் 7.2 அந்த லைப்ரரியை விட்டு வெளியே வந்தது. தேவையான சிறு துண்டை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டது.

பாதுகாப்பு என்று சொன்னதும், 'சோதனைக் கருவிதானே, வாடிக்கையாளரிடம் போகாதே, அதில் என்ன ஆபத்து?' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நேர்மாறு. டெஸ்டிங் கருவி ஓடுவது நிரல் எழுதுகிறவரின் சொந்த மெஷினில், அல்லது திட்டத்தின் சாவிகளும் கடவுச்சொற்களும் இருக்கும் சர்வரில். திருடனுக்கு அதைவிட நல்ல அறை வேறில்லை.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை தெரிந்திருக்கலாம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லினக்ஸ் கணினியில் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்து, அதில் ஒரு கள்ளக் கதவு இருப்பதை உலகுக்குச் சொன்னார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் இருந்தது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாகத் திருத்தம் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்தவர். கள்ள நிரலை எங்கே ஒளித்தார் தெரியுமா? சோதனைக்காக வைத்திருந்த மாதிரிக் கோப்புகளுக்குள். 'டெஸ்ட் கோப்பு, குப்பையாகத்தான் இருக்கும்' என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக, பராமரிக்கிறவர்கள் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலோர் தங்கமானவர்கள், சோர்ந்துபோனவர்கள். சோர்வுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. பைத்தானில் ஒரு காலத்தில் நோஸ் என்ற டெஸ்டிங் கருவி இல்லாத வீடே இல்லை. 2015க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை, பைத்தான் 3.10 வந்தபோது அது ஓடவே மறுத்தது. அதன்மேல் கட்டியவர்கள் எல்லாரும் மூட்டை கட்டினார்கள்.

கோபம் இன்னொரு வகை. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எழுதியவரே, பெரிய கம்பெனிகள் இலவசமாகவே எடுத்துக்கொள்கின்றன என்ற கோபத்தில், அதற்குள் முடிவில்லாமல் சுற்றும் ஒரு நிரலை வைத்துப் புதுப் பதிப்பு வெளியிட்டார். சோதனைக்குப் பொய்ப் பெயர், பொய் முகவரி தயாரித்துத் தரும் ஃபேக்கர் லைப்ரரியும் அவருடையதுதான். அதையும் காலி செய்தார். 'எப்போதும் கடைசிப் பதிப்பையே எடு' என்று எழுதி வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கலர்ஸ் என்ன வேலை செய்யும் லைப்ரரி? திரையில் எழுத்துக்கு வண்ணம் கொடுப்பது. இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் சேர்க்க நினைத்ததும் அதே வேலைக்கான பைத்தான் லைப்ரரி.

அப்படியானால் வண்ணத்துக்கு என்ன செய்வது? கறுப்புத் திரையில் வண்ணம் வருவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எஸ்கேப் என்ற ஒரு குறியை அனுப்பி, ஒரு சதுர அடைப்பைத் திறந்து, 32 என்று எழுதி, ஆங்கிலச் சின்ன 'எம்' போட்டால் அதற்குப் பின்னால் வருவது பச்சை. 31 போட்டால் சிவப்பு. பூஜ்யம் போட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மூன்று எண்கள். இதற்கு ஒரு மூன்றாம் தரப்பா?

அவசரப்பட வேண்டாம். நல்ல லைப்ரரி நாம் நினைக்காத வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். சோதனை முடிவைத் திரையில் பார்க்காமல் கோப்பில் சேமித்தால், அந்தக் குறிகள் அப்படியே எழுத்துக் குப்பையாக விழும். பழைய விண்டோஸ் திரைகளுக்கு இந்தக் குறி புரியாது. வண்ணமே வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. அதையும் மதிக்க வேண்டும். நாமே எழுதினால் இந்த மூன்றையும் நாமே பார்க்க வேண்டும்.

பைடெஸ்ட் இதில் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. வண்ணத்துக்கு அது கலராமா என்ற லைப்ரரியைக் கேட்கிறது, ஆனால் விண்டோஸில் மட்டும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர் வீட்டுக்கு அது வருவதே இல்லை. சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கு நடுவில் இப்படி 'யாருக்கு மட்டும்' என்றும் ஒரு பதில் உண்டு. புதியவர்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

இரண்டாவது லைப்ரரி? அது வேறு கதை. 'கல்பாக்கம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? க, ல், பா, க், க, ம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லும். பைத்தானைக் கேளுங்கள், பத்து என்கிறது. பொய் சொல்லவில்லை. கணினி யூனிகோடில் (உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறையில்) புள்ளியைத் தனியாக, துணைக்காலைத் தனியாக வைத்திருக்கிறது. ல் என்பது அதற்கு இரண்டு, பா என்பது இரண்டு.

இதன் விளைவு உங்களுக்குப் பழக்கமானதுதான். படிவத்தில் 'பெயர் 20 எழுத்துக்குள்' என்று போட்டிருப்பார்கள், பதினொன்றாவது எழுத்திலேயே பெட்டி நின்றுவிடும். தம்பியின் கருவி பிடிக்க நினைப்பது இந்தப் பிழையைத்தான்.

இதை நாமே எழுதிவிட முடியாதா? புள்ளியையும் கால் கொம்பையும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டு என்று நாலு வரியில் எழுதலாம். பாதி கிணறு தாண்டிவிடும். க்ஷ வந்தால்? ஸ்ரீ வந்தால்? இப்படிப்பட்ட இடத்தில், தமிழையே வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் திருத்திய லைப்ரரியை வாங்குவதுதான் புத்தி. 2013 முதல் பொதுவில் வளர்ந்துவரும் ஓப்பன்-தமிழ் அப்படி ஒன்று. சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் இருக்கிறது. தம்பி எடுத்ததும் அதையே.

ஆகவே என் தீர்ப்பு: வண்ணத்தை நீயே எழுது, எழுத்தை வாங்கு. சின்ன வேலை, நமக்கு முழுக்கப் புரிகிறது, பிழை வந்தால் நாமே திருத்தலாம் என்றால் எழுதிக்கொள்வது மேல். ஆழமான வேலை, பிறர் அனுபவம் தேவை என்றால் வாங்குவது மேல். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி லைப்ரரியை எழுதியவர் திரும்ப எடுத்துக்கொண்டபோது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. சொல்லுக்கு முன்னால் இடைவெளி சேர்ப்பதுதான் அதன் மொத்த வேலை!

கல்பாக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுவதால் ஒரு வார்த்தை. இங்கே கடலோரம் 1984லிருந்து மின்சாரம் தரும் அணுமின் நிலைய வாசலில் பாஸ் இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மென்பொருளுக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அணு உலைகளின் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஐ.இ.சி. 60880 என்ற சர்வதேசத் தரம், 'முன்பே உருவாக்கப்பட்ட மென்பொருள்' என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறது. வேறெங்கோ எழுதிய நிரலைக் கொண்டுவந்தால், அது இங்கே கேட்கிற வேலைக்குப் பொருந்துகிறதா, எப்படி எழுதப்பட்டது, இதுவரை ஓடிய இடங்களில் எப்படி ஓடியது என்றெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் கனநீர் உலைகளின் கணினி அமைப்புகளுக்கென்று 2010இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தம்பியின் கருவிக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லைதான். ஆனால் கேள்விகளின் சாயல் ஒன்றுதான், ஏழு கேட்டதற்கே முகம் சுருங்கினால் எப்படி?

உரிமம் (நிரலை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை) பற்றியும் கேட்டிருந்தார்கள். 'இலவசம்தானே, அப்புறம் என்ன?' என்பது பொதுவான தவறு. இலவசத்துக்கும் நிபந்தனை உண்டு. எம்.ஐ.டி. உரிமம், என் பெயரும் இந்த உரிமக் குறிப்பும் இருக்கட்டும் என்கிற அளவோடு விட்டுவிடும். ஜி.பி.எல்., இதைச் சேர்த்து வெளியிடுவதையும் இதே நிபந்தனையில் வெளியிடு என்னும். சில உரிமங்கள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது: ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு மட்டும் என்று சொல்லும் நிரலும், அப்பாச்சி 2.0 உரிமமும் சேராது, ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு அப்பாச்சி சேரும். உரிமக் கோப்பே இல்லாத லைப்ரரி என்றால் தொடாதீர்கள். சும்மா கிடக்கிறது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது.

பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிரபலமான லைப்ரரியின் பெயரில் ஒரு கோடு குறைத்து, ஓர் எழுத்து மாற்றி, கெட்ட நிரலைக் கடை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஏஐயிடம் கேட்டுப் பெயர் வாங்குகிற பழக்கம் வேறு. அது சில நேரம் இல்லாத லைப்ரரியை இருப்பதாகச் சொல்லும். அந்தப் பெயரில் நாளை யாரேனும் ஒன்றைப் பதிந்து வைத்தால் என்னாகும் என்று யோசியுங்கள். லைப்ரரியின் சொந்த இருப்பிடத்துக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் பெயரை எடுங்கள்.

சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. பதிப்பு எண்ணை எப்படி எழுதுவது? இதில் இரண்டு பட்டியல் வேண்டும், ஒன்றோடு ஒன்றைக் குழப்பக் கூடாது. பயனாளிக்குப் போகும் பட்டியலில் '1.2க்குக் குறையாமல்' என்று தளர்வாக எழுதுங்கள். 'சரியாக 1.2.3தான்' என்று பிடித்தால், வேறு காரணத்துக்காக 1.2.5 வைத்திருப்பவர் வீட்டில் உங்கள் கருவி இன்ஸ்டாலே ஆகாது. உங்கள் திட்டத்தின் சொந்தச் சோதனைக்கு மட்டும், எல்லாப் பதிப்பையும் எண் பிசகாமல் எழுதிய பூட்டுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று தேறியது இன்று தோற்றால், காரணம் உங்கள் நிரலா அவர்கள் நிரலா என்று அப்போதுதான் தெரியும்.

எல்லாருக்கும் தேவைப்படாத லைப்ரரி என்றால், விருப்பத் தேர்வாக வையுங்கள். தமிழ் எழுத்து எண்ண வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்; மற்றவர் வீட்டுக்கு வர வேண்டாம். அது இல்லாத மெஷினில் கருவி அழுது விழாமல், 'இந்தச் சோதனைக்கு இன்ன லைப்ரரி வேண்டும்' என்று ஒரு வரி தெளிவாகச் சொல்ல வேண்டும். லைப்ரரியை உங்கள் நிரலில் இருபது இடத்தில் கூப்பிடாமல், ஒரே கோப்பில் ஒரே இடத்தில் கூப்பிடுங்கள். நாளை மாற்ற வேண்டி வந்தால் அந்த ஒரு கோப்போடு போகும்.

புல் ரிக்வெஸ்ட்டில் (இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம்) என்ன எழுத வேண்டும்? தம்பி 'இரண்டு லைப்ரரி சேர்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தான். அது நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. ஏன் வேண்டும், கூட எத்தனை வருகிறது, உரிமம் என்ன, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், இல்லாமல் சமாளிக்க முயன்றாயா என்று ஐந்தாறு வாக்கியம் எழுதினால், கேள்விக்கு இடமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துப் பார்க்கிறவருக்கு நாம் செய்யும் மரியாதையும் அது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு லைப்ரரியையும் திணிப்பதும் தப்பு. ஒன்று பிடித்து ஒன்று பிடிக்காவிட்டால் இரண்டும் தொங்கும்.

அவன் அன்றே விண்ணப்பத்தை இரண்டாகப் பிரித்தான். வண்ணத்துக்கு லைப்ரரியை எடுத்துவிட்டு, கோப்பில் சேமித்தால் வண்ணம் போடாதபடி, பதினெட்டு வரியில் அவனே எழுதினான். அது ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டது.

எழுத்து எண்ணும் லைப்ரரி விருப்பத் தேர்வாகச் சேர ஒப்புதல் கிடைத்த மாதிரிதான். ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும். ஸகரத்தில் தொடங்கியும் எழுதுவார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் லைப்ரரி ஒரே எழுத்தாக எண்ணுகிறதா என்று பராமரிப்பாளர் கேட்டிருக்கிறார். தம்பி இப்போது அதற்கு ஒரு சோதனை எழுதிக்கொண்டிருக்கிறான்.